கடைசிச் சுற்றுக் கொம்பு

எங்கள் தேயிலை எஸ்டேட்டில் முதன்முதலாகப் பாய்ப்படகு ஓட்டிய பெண்கள் நான்கு பேர். அவர்களில் ஒருத்தி நான். மற்ற மூவரும் இதை வாசிப்பார்கள் என்பதால் நடந்ததை நடந்தபடியே எழுத வேண்டியிருக்கிறது. இல்லாவிட்டால் நான்தான் படகை ஓட்டினேன் என்று எழுதியிருப்பேன்.

தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் எங்கள் லயத்துக்குக் கீழே ஓர் ஏரி உண்டு. ஃபாக்டரிக்குத் தண்ணீர் வேண்டும் என்று ஓடையை மறித்துக் கட்டியது. துரைமாருக்குத் தண்ணீரைக் கண்டால் கை சும்மா இருக்காது. நாலைந்து எஸ்டேட்டுத் துரைமார் கூடிப் படகு வாங்கினார்கள், கரையில் தகரக் கூரை போட்ட வீடு ஒன்றைக் கட்டினார்கள், அதற்கு ஒரு கொடிக்கம்பமும் நட்டு, சங்கம் என்று பெயர் வைத்தார்கள். நாங்கள் அதைப் படகு கிளப்பு என்போம்.

மாசிப் பனி விலகியதும் படகுகளுக்கு வெள்ளையடிப்பார்கள். வைகாசிக் கடைசியில் மேற்கு மழை இறங்குவதற்குள் எல்லாவற்றையும் கவிழ்த்துப் போட்டுவிடுவார்கள். நடுவில் சனிக்கிழமைதோறும் பந்தயம். சித்திரையில் ஒருநாள் தருமக் கடை. அன்றைக்குத் துரைசானிமார் தாங்கள் செய்த கேக்கையும் பின்னிய காலுறைகளையும், மறையூர் வெல்லத்தையும், காந்தலூர்ப் பூண்டையும் ஒரே மேசையில் அடுக்கி ஆஸ்பத்திரிக் கட்டிலுக்காக விற்பார்கள். கேக்கைத் துரைமார் வாங்குவார்கள். வெல்லத்தையும் துரைமாரே வாங்கி, என்ன செய்வதென்று தெரியாமல் குதிரைக்குக் கொடுப்பார்கள்.

எல்லாம் முடிந்த கடைசி ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட்டு நாள். அன்று கிளப்பு எங்களுக்குத் திறந்திருக்கும். வராந்தா மட்டும் திறந்திருக்காது. சாக்கு ஓட்டம், கயிறு இழுப்பு, குழந்தைகளுக்கு பிஸ்கட். பிற்பகலில் பழைய படகுகள் மூன்றை எங்கள் ஆட்களுக்குக் கொடுத்துப் பந்தயம் விடுவார்கள். எங்கள் ஆட்கள் கவிழ்வதைப் பார்ப்பதற்காகத்தான் என்று நான் நினைக்கிறேன். ஆனால் ஜெயிக்கிற படகுக்கு ஒரு சலுகை உண்டு. எஸ்டேட்டுக்காக ஒரு பொருளைக் கேட்கலாம். கிளப்பு வாங்கித் தரும். முதல் வருஷம் ஃபாக்டரிக்காரர்கள் ஜெயித்துக் கால்பந்து கேட்டார்கள். அடுத்த வருஷமும் அவர்களே ஜெயித்து இன்னொரு கால்பந்து கேட்டார்கள். முதல் பந்து ஏரியில் போய்விட்டதாம்.

மூன்றாவது வருஷம்தான் நான் மலைக்குக் கீழே விடுதிப் பள்ளியில் எட்டாம் வகுப்பு முடித்து வீடு திரும்பினேன். எங்கள் குடும்பத்தில் எழுத்துத் தெரிந்த முதல் ஆள் நான். லயத்திலேயே முதல் பெண் என்றும் சொல்லிக்கொள்வேன். யாரும் கேட்காமலே சொல்லிக்கொள்வேன். கிளப்புச் செயலாளர் துரையின் மனைவிக்குத் தருமக் கடையில் சீட்டு எழுத ஆள் தேவைப்பட்டது. என் கையெழுத்து அவருக்குப் பிடித்துப்போய், பந்தயப் பலகையில் படகுகளின் பெயரையும் நேரத்தையும் எழுதும் வேலையையும் எனக்கே கொடுத்தார். பலகைக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு பந்தய விதிப் புத்தகம் தொங்கியது. பந்தயங்களுக்கு நடுவே வேறு வேலை இல்லாததால் அதை மூன்று முறை படித்தேன். படகைத் தொடாமலே படகோட்டி ஆகிவிட்டதாக எனக்கு நினைப்பு.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். கொழுந்து எடுக்கும் பெண்களுக்கு வாசிக்கச் சொல்லித்தர ஒரு வகுப்பு. இடம், காலையில் பேர் கூப்பிட்டு மஸ்டர் எடுக்கும் கொட்டகை. நேரம், கொழுந்து நிறுவை முடிந்தபின் ஒரு மணி நேரம். வாத்தியார், நான். எங்கள் பெரிய துரையிடம் இரண்டு முறை மனு எழுதிக் கொடுத்தேன். முதல் மனுவுக்குப் பதில் இல்லை. இரண்டாவது மனுவுக்கு ஆபீஸில் கணக்கெழுதும் பெரிய ரைட்டர் பதில் சொன்னார். அவர் பாலக்காட்டுப் பக்கத்து மனிதர். கோட்டுப் பொத்தானைக் கழற்றி யாரும் பார்த்ததில்லை.

“ஏண்டி கொழந்தே, அவா எல்லாரும் வாசிக்கப் படிச்சுட்டா நேக்கு என்ன வேலையாக்கும்?” என்றார்.

கேலியாகத்தான் சொன்னார். ஆனால் மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வகுப்பு நடக்காவிட்டால் வைகாசிக்குப் பிறகு நானும் கூடையை மாட்டிக்கொண்டு மலையேற வேண்டியதுதான். அதில் எனக்கு வெட்கமில்லை. எனக்குக் கொழுந்து எடுக்க வராது என்பதுதான் சங்கடம்.

எஸ்டேட்டு நாளுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, பந்தயத்தில் சேரும் படகுகளின் பட்டியலைப் பலகையில் எழுதச் சொன்னார்கள். முதல் படகு, ஃபாக்டரி. இரண்டாவது படகு, ஆபீஸ். மூன்றாவது படகுக்கு ஆள் சேரவில்லை. நான் சாக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் பார்த்தேன். மூன்றாவது வரியில் “கொழுந்துப் பெண்கள்” என்று எழுதி, கீழே ஒரு கோடும் இழுத்தேன்.

யாரும் அழிக்கவில்லை. செயலாளர் துரை, தன் மனைவி சொல்லித்தான் எழுதியிருக்கிறது என்று நினைத்தார். துரைசானி, தன் கணவர் சொல்லித்தான் என்று நினைத்தார். இருவரும் அதற்காக ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டதை நானே கேட்டேன்.

படகுக்குப் பெண்களைச் சேர்ப்பது அவ்வளவு எளிதாக இல்லை. என் அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, கொழுந்துக் காட்டில் முதல் நிரைக்காரி. அவர் குரலுக்கு வேலை வாங்கும் கங்காணியே ஒதுங்கி நிற்பார். அவரிடம் போய்ச் சொன்னேன்.

“வெளங்குமா? நாங்க தண்ணிக்குள்ள போணும், நீ கரையில நின்னு பொஸ்தகம் வாசிக்கணும். அப்படித்தானட்டி?”

“இல்ல அத்தை, நானும் வாரேன்.”

“அப்பம் சரி. செத்தா எல்லாருமா சாவோம்” என்றார் அத்தை. அவர் வந்ததும் சித்தி வந்தார். சித்திக்குத் தண்ணீர் என்றால் பயம். பயந்தால் சிரிப்பு வரும். அண்ணன் மனைவி மதினி கடைசியாக வந்தாள். அவள் விரலைப் போல் வேகமான விரல் எங்கள் மலையில் இல்லை. கயிற்றை அவளிடம் கொடுத்தோம்.

பயிற்சியின் முதல் நாளே என் புத்தகப் படிப்பு நின்றுபோனது. காற்றுக்கு எதிரே நேராகப் பாய் விரித்துப் போக முடியாது. இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று குறுக்கே வெட்டி வெட்டித்தான் போக வேண்டும். இதைச் சொன்னதும் மூன்று பேரும் என்னைத் திருடியைப் போலப் பார்த்தார்கள். கொழுந்துக் காட்டில் ஒவ்வொருத்திக்கும் ஒரு நிரை, அதாவது ஒரு செடி வரிசை, உண்டு. அடுத்தவள் நிரைக்குள் போய்க் கை வைத்தால் அன்றைக்கே மலை இரண்டுபடும்.

“ஃபாக்டரிக்காரன் படகுக்குக் குறுக்க போணும்ங்கியா?” என்றார் அத்தை. “அவன் நிரையில நான் ஏன் போறேன்? என் நிரையில அவன் வந்தாத்தான் விடுவனா?”

“தண்ணியில நிரை கிடையாது அத்தை.”

“உனக்குக் காட்டுலயே நிரை தெரியாது. தண்ணியில எங்க தெரியப்போவுது?”

சித்தி சிரித்த சிரிப்பில் படகு ஆடியது. விதிப் புத்தகத்தில் இதற்குப் பதில் இல்லை. கடைசியில் மேலே கைகாட்டிக் கேட்டேன்: “மேட்டுக் காட்டுக்குக் கூடையோட நேராவா ஏறுவிய?”

அத்தை நிமிர்ந்து மலையைப் பார்த்தார். ஒற்றையடிப் பாதை இடமும் வலமுமாக வளைந்து ஏறிக்கொண்டிருந்தது. பிறகு ஏரியைப் பார்த்தார். “காத்துதான் மேடா? இதை மொதல்லயே சொல்லுததுக்கு என்ன?” என்று சுக்கானைப் பிடித்து ஒரு திருப்புத் திருப்பினார். அன்றிலிருந்து படகு அவர் கையில்தான். நான் நடுவில் உட்கார்ந்து, உள்ளே வரும் தண்ணீரைச் செம்பால் மொண்டு ஊற்றினேன். படித்தவளுக்குக் கிடைத்த உத்தியோகம் அது.

எஸ்டேட்டு நாள் வந்தது. முந்தின இரவுத் தூறலில் கிளப்பின் சின்னப் பீரங்கி நனைந்துவிட்டது. பந்தயம் தொடங்கவும், முன்னால் போகும் படகு முதல் சுற்றை முடித்துக் கடைசிச் சுற்றுக்குத் திரும்பும்போது அதைத் தெரிவிக்கவும் அந்தப் பீரங்கிதான் வெடிக்க வேண்டும். செயலாளர் துரை சுற்றிலும் பார்த்தார். வேடிக்கை பார்க்க வந்திருந்த என் அப்பா கண்ணில் பட்டார்.

என் அப்பாதான் எஸ்டேட்டில் கொம்பு ஊதுகிறவர். விடியுமுன் அவர் பித்தளைக் கொம்பை ஒருமுறை நீளமாக ஊதினால் மஸ்டருக்குப் போக வேண்டும். பிற்பகலில் மூன்றுமுறை விட்டுவிட்டு ஊதினால் கொழுந்து நிறுக்கிற கொட்டகைக்கு ஓட வேண்டும். பிந்தினால் அரை நாள் பேர்தான், அதாவது அரை நாள் கூலிதான், விழும். எங்கள் மலையில் கடிகாரம் இரண்டு இடத்தில் உண்டு, துரை பங்களாவிலும் ஆபீஸிலும். மற்ற எல்லோருக்கும் அப்பாதான் கடிகாரம்.

துரையே கூப்பிட்டுக் கொம்பு ஊதச் சொன்னதில் அப்பாவுக்குத் தலைப்பாகை ஒரு விரல்கடை உயர்ந்துவிட்டது. வீட்டுக்கு ஓடிக் கொம்பை எடுத்துவந்து, புளிபோட்டுத் தேய்த்து, கொடிக்கம்பத்தடியில் நின்றார். நான் படகிலிருந்து கையசைத்தேன். என்ன ஊதப்போகிறீர்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. இன்றைக்கும் இதற்காக என் தலையில் நானே குட்டிக்கொள்வேன்.

முதல் கொம்பு நீளமாக ஒலித்தது. மஸ்டர்க் கொம்பு! மதினியின் கை அவளைக் கேட்காமலே கயிற்றை இழுத்தது. அத்தை சுக்கானைத் தள்ளினார். ஃபாக்டரிக்காரர்கள் பாய் எது கயிறு எது என்று பார்ப்பதற்குள் நாங்கள் இருபது முழம் போய்விட்டோம். இருபது வருஷமாக அந்தச் சத்தத்துக்கு எழுந்து ஓடுகிற உடம்புகள் அவை. ஆபீஸ் படகு எங்களுக்கு வெகு பின்னால் வந்தது. அதில் பெரிய ரைட்டர் கோட்டுப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்வதைப்போல் உட்கார்ந்திருந்தார்.

போகும்போது எதிர்க்காற்று. அத்தை மேட்டுக் காட்டுப் பாதையை ஏறுவதைப்போல வெட்டி வெட்டி ஏறினார். ஃபாக்டரியில் தேயிலைப் பக்குவம் பார்க்கும் டீமேக்கரின் படகு எங்களுக்குக் குறுக்கே வந்தபோது அத்தை எழுந்து நின்றே கேட்டார்: “ஏலே, கண்ணு என்ன பொறடியிலயா இருக்கு? என் நிரையில உனக்கு என்னலே சோலி?” டீமேக்கர் பயந்து விலகிப் போனார். கரையில் பெண்கள் முந்தானையை வீசிக் கூச்சல் போட்டார்கள். சிவப்புப் பீப்பாயைச் சுற்றித் திரும்பினோம். கிளப்புக்கு முன்னால் இருந்த இரண்டாவது பீப்பாயையும் நாங்களே முதலில் சுற்றினோம். முதல் சுற்று முடிந்தது. இன்னும் ஒன்றுதான். மனதுக்குள் நான் மஸ்டர் கொட்டகையில் பலகையை மாட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போது அப்பா கடைசிச் சுற்றுக்காகக் கொம்பை எடுத்தார். ஒருமுறை. இரண்டுமுறை. மூன்றுமுறை.

நிறுவைக் கொம்பு.

கரையில் இருந்த அத்தனை பெண்களும் ஒன்றாக எழுந்தார்கள். கைகள் முதுகுப் பக்கம் போய் இல்லாத கூடையைத் தேடின. பாதிப் பேர் பாதையில் ஓடவே தொடங்கிவிட்டார்கள். எங்கள் படகில் மதினி கயிற்றை விட்டுவிட்டு முந்தானையைச் செருகினாள். அத்தை சுக்கானை ஒரே தள்ளாகத் தள்ளிப் படகை நிறுவைக் கொட்டகைப் பாதைக்கு நேரே விட்டார்.

“அத்தை! பந்தயம்! பந்தயம் அத்தை!” என்று கத்தினேன்.

“பேர் போயிரும்ட்டி!” என்றார் அத்தை.

படகு நாணலுக்குள் போய்ச் சேற்றில் ஏறி நின்றது. பின்னால் தொப்பென்று ஒரு சத்தம். நிறுவைக் கொம்பு கேட்டால் பெரிய ரைட்டர் பேரேட்டை எடுத்துக்கொண்டு எழுந்திருக்க வேண்டும். எழுந்துவிட்டார். ஆபீஸ் படகு கவிழ்ந்து, பெரிய ரைட்டர் கழுத்தளவுத் தண்ணீரில் கோட்டோடு நின்றார். ஃபாக்டரிக்கு வேறு மணி உண்டு. கொம்புக்கு அங்கே வேலையில்லை. டீமேக்கர் படகு மட்டும் ஒன்றும் நடக்காததைப்போல இரண்டாவது சுற்றை நிதானமாகச் சுற்றிவந்து ஜெயித்தது.

அத்தை ஒரு காலைக் கரையில் வைத்துவிட்டார். அப்போதுதான் எனக்கு விதிப் புத்தகம் ஞாபகத்துக்கு வந்தது. முறையீடு இருக்கிற படகு, கரையேறுமுன் சிவப்புக் கொடி காட்ட வேண்டும்.

“காலை உள்ள எடுங்க அத்தை! தலைத்துணியைக் கொடுங்க!”

“இவளுக்குப் பைத்தியம் பிடிச்சிட்டு” என்று சித்தி சிரித்தார். அத்தையின் சிவப்புத் தலைத்துணியைப் பிடுங்கிப் பாய்மரத்தில் கட்டினேன். கிளப்பில் சலசலப்பு. அந்த ஏரியில் அதுவரை எந்தத் துரையும் சிவப்புக் கொடி காட்டியதில்லையாம்; ஒருவர்மேல் ஒருவர் புகார் சொல்வது மரியாதை இல்லையாம்.

விதி விதிதான். எங்கள் நான்கு பேரையும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார்கள். சேற்றுக் காலோடு ஏறினோம். ஒரு மேசை, அதற்குப் பின்னால் செயலாளர் துரையும் எங்கள் பெரிய துரையும், பக்கத்தில் துரைசானியும். மொழிபெயர்க்கப் பெரிய ரைட்டர், சொட்டச் சொட்ட. அப்பாவும் கொம்போடு ஓரமாக நின்றார்.

நான் பள்ளி இங்கிலீஷில் பேசினேன். கொம்பைப் பற்றி நான் எழுதிய பலகையில் ஒரு வார்த்தை இல்லை. அறிவிக்காத சைகை செல்லாது என்பது இன்ன பக்கத்தில் இன்ன விதி என்றேன். செயலாளர் துரை பக்கத்தைப் புரட்டிப் பார்த்து முகம் சிவந்தார். பிறகு அப்பாவைக் கேட்டார், ஏன் நிறுவைக் கொம்பு ஊதினாய் என்று.

“ரெண்டுதான் தொரை எனக்குத் தெரியும். ஒண்ணை மொதல்லயே ஊதியாச்சு. அதையே திரும்ப ஊதினா இன்னொருக்கத் தொடங்கச் சொல்லுதேன்னுல்லா நெனைப்பாவ?”

துரைமார் இருவரும் யோசித்தார்கள். தீர்ப்பைச் செயலாளர் துரை சொன்னார், பெரிய ரைட்டர் நீர் சொட்ட மொழிபெயர்த்தார்: “சத்தம் எல்லாருக்கும் ஒரே சத்தமாக்கும். ஃபாக்டரிக்காரா நிக்கலை. அதனால ஜெயிச்சது அவாதான். ஆனா அடுத்த வருஷம் தொட்டு எல்லாச் சைகையும் தமிழ்ல எழுதி வைக்கும்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. எட்டாம் வகுப்பு, மூன்று முறை படித்த புத்தகம், சிவப்புக் கொடி எல்லாம் சேர்ந்து கடைசியில் ஒரு கால்பந்து. திரும்பினேன். அத்தை திரும்பவில்லை.

“ஒரு சந்தேகம் தொரை” என்றார். “கொம்பு ஊதினா நிக்கணுமா, நிக்காண்டாமா?”

“இது பந்தயக் கொம்பு” என்றார் எங்கள் பெரிய துரை, தமிழிலேயே.

“நாளைக்கு ஊதுதது எந்தக் கொம்புன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? இன்னைக்குக் கொம்பு கேட்டு வந்ததுக்குத் தோத்துட்டோம். நாளைக்குக் கேட்டு வந்து, அதுவும் பந்தயக் கொம்பா இருந்துட்டா? நாங்க நிரையிலயே இருந்துக்கிடுதோம். யாராவது வந்து சொல்லட்டும்.”

மதினி தலையாட்டினாள். சித்திக்குப் பயம் வந்துவிட்டது போல, சிரிக்க ஆரம்பித்தார். பெரிய துரை சிரிக்கவில்லை. நானூறு பெண்கள் மலையில் உட்கார்ந்திருக்க, கொழுந்து வாடுவது அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

“எந்தக் கொம்பு எதுக்கு என்று கொட்டகையில் எழுதிப் போடுகிறேன்” என்றார்.

“எழுதிப் போட்டா யாரு வாசிப்பா?”

“இந்தப் பெண் வாசிப்பாள்” என்று என்னைக் காட்டினார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தேன்.

“இவளா!” என்றார் அத்தை. “இவ வாசிச்சா நாங்க நம்பணுமா? இவ அப்பன்லா ஊதிக் கவுத்தான்! அன்னைக்குப் பலகையில எங்க பேரை யாரைக் கேட்டு எழுதினா? இவளேதான் எழுதினா. எழுதத் தெரிஞ்சவ என்ன வேணும்னாலும் எழுதுவா. நாங்களே வாசிச்சாத்தான் நம்புவோம்.”

பெரிய ரைட்டர் அதை இங்கிலீஷில் சொல்லி முடித்தார். செயலாளர் துரை தன் மனைவியைப் பார்த்தார். துரைசானி அவரைப் பார்த்தார். மூன்றாவது வரி யாருடையது என்று இருவருக்கும் அப்போதுதான் விளங்கியது. நான் தரையில் இருந்த சேற்றைப் பார்த்தேன்.

மேசைக்கு அந்தப் பக்கத்தில் துரைசானிதான் முதலில் சிரித்தார். பிறகு இங்கிலீஷில் பெரிய துரையிடம் ஏதோ சொன்னார். பெரிய துரை பெரிய ரைட்டரிடம் சொன்னார். பெரிய ரைட்டர் கோட்டு நுனியைப் பிழிந்துகொண்டே என்னிடம் சொன்னார்: “நிறுவை கழிஞ்சு ஒரு மணி நேரம். மஸ்டர் கொட்டகை. கேட்டியோ? ஜெயிக்காமலே வாங்கிண்டுட்டா உன் அத்தை.”

என் மனுவில் இருந்த அதே இடம், அதே நேரம். நான் எழுதி வாங்க முடியாததை, எழுதத் தெரியாத அத்தை என்னை நம்ப முடியாதவள் என்று சொல்லியே வாங்கிவிட்டார். வீட்டுக்குப் போகும் வழியில் அத்தையிடம், “நெஜமாவே என்னை நம்பலையா?” என்று கேட்டேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, “அந்தத் துணியைத் தொவைச்சுக் கொண்டா” என்றார்.

வகுப்பின் முதல் நாள் பதினோரு பெண்கள் வந்தார்கள். கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால், என் அப்பா. அடுத்த வருஷம் கடைசிச் சுற்றுக்கு என்ன ஊதச் சொல்லிப் பலகையில் எழுதுகிறார்கள் என்று தானே வாசித்துத் தெரிந்துகொள்ள வேண்டுமாம். மூன்றாவதாக ஒரு ஊதலும் பழகிக்கொண்டிருந்தார். லயத்தில் நாய்கள் எல்லாம் அதற்கு ஊளையிட்டன.

அடுத்த வைகாசியில் பந்தயப் பட்டியல் எழுதும் நாள் வந்தது. நான் சாக்கட்டியை எடுப்பதற்குள் அத்தை எடுத்துக்கொண்டார். மூன்றாவது வரியில் கொழுந்துப் பெண்கள் என்று, ஒவ்வோர் எழுத்தும் ஒரு கூடை அளவுக்கு, எழுதினார். கீழே படகில் ஏறுகிறவர்களின் பெயர்களையும் எழுதினார். அவர் பெயர், மதினி பெயர், சித்தி பெயர், புதிதாகச் சேர்ந்த ஒருத்தி பெயர். நான் இரண்டு முறை வாசித்தேன். என் பெயர் இல்லை.

“அத்தை, நான்?”

“நீ தண்ணி மொண்டது போதும்” என்றார் அத்தை, விரலில் ஒட்டியிருந்த சுண்ணத்தை என் முந்தானையில் துடைத்தபடி. “கரையில நின்னு உங்க அப்பனைப் பாத்துக்கோ.”